இரண்டு நிமிடத்தில் ஒரு போகம்: ஒப்புமைக் கணிப்பொறி பற்றி ஒரு விமரிசனம்

தேனி மாவட்டத்துச் செய்தித்தாளைக் கையில் எடுங்கள். ஒரு மூலையில் நாள்தோறும் நான்கு எண்கள் அச்சாகின்றன. பெரியாறு அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை, இருப்பு இத்தனை மில்லியன் கன அடி. அதனடியில் வைகை அணைக்கும் அதே நான்கு எண்கள். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் தேநீர்க் கடையில் பேப்பரைப் பிரிப்பவர் பலர் முதலில் தேடுவது இந்த மூலையைத்தான். பள்ளத்தாக்கின் இருபோக நெல் வயல் 14,707 ஏக்கர். ஜூன் முதல் தேதி மதகு திறக்குமா, நாற்றங்கால் போடலாமா என்பதெல்லாம் இந்த எண்களைப் பொறுத்தது.

அந்த எண்களைச் சற்று உற்றுப் பாருங்கள். இருப்பு எவ்வளவு வேகத்தில் மாறுகிறது? வரத்திலிருந்து வெளியேற்றத்தைக் கழித்த அளவுக்கு மாறுகிறது. பேப்பரில் இருப்பது ஒரு வகையீட்டுச் சமன்பாடு. அதைப் படித்துத் தலையாட்டும் விவசாயி மனத்தால் தொகையீடு செய்துகொண்டிருக்கிறார். பெயர்தான் அவருக்குத் தெரியாது.

இனி நமது பொறியியல் பாடநூல்களில் 'ஒப்புமைக் கணிப்பொறி' என்ற அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அனலாக் கம்ப்யூட்டர் என்று வகுப்பில் சொல்லப்படுவது இதுவே. அங்கே என்ன இருக்கிறது? ஒரு சுருள்வில், அதில் தொங்கும் ஓர் எடை, பக்கத்தில் ஓர் எண்ணெய்த் தணிப்பி. நூலுக்கு நூல் இதே படம். மாணவர் மூன்று முக்கோணங்களை வரைந்து, கோடுகளால் இணைத்து, பன்னிரண்டு மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அந்த முக்கோணம் உண்மையில் என்ன செய்கிறது, எங்கே பொய் சொல்கிறது, பொறியாளர்கள் முப்பது ஆண்டுகள் அதை நம்பியதும் பின்பு கைவிட்டதும் ஏன் என்ற கேள்விகளுக்கு அந்த அதிகாரம் விடை சொல்வதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இப்பொறி ஒன்றைப் பார்த்தேன். துணி போர்த்தி, அதன்மேல் ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கியிருந்தார்கள். மேசையாகவாவது பயன்படுகிறதே என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

சுருள்வில்லை விட்டுவிடுவோம். பெரியாற்றையே பலகையில் ஏற்றிப் பார்ப்போம்.

ஒப்புமைக் கணிப்பொறியின் உயிர் தொகையி என்னும் உறுப்பு. ஒரு செயற்பெருக்கி, ஒரு மின்தடை, ஒரு மின்தேக்கி, இவ்வளவுதான் அதன் உடம்பு. உள்ளே வரும் மின்னழுத்தத்திற்கு ஏற்ற மின்னோட்டம் மின்தேக்கியில் சேர்ந்துகொண்டே போகும். சேர்ந்த அளவு வெளியீட்டில் மின்னழுத்தமாகத் தெரியும். மின்தேக்கி என்ற சொல்லிலேயே தேக்கம் இருக்கிறது அல்லவா? அது ஓர் அணை. வரத்து ஒரு மின்னழுத்தம். வெளியேற்றம் எதிர்க்குறியுள்ள இன்னொரு மின்னழுத்தம். இருப்பு, தொகையியின் வெளியீடு. எண்களைக் கொண்டு ஒருவர் இங்கே கணக்குப் போடுவதில்லை. ஆற்றுக்கும் மின்சுற்றுக்கும் சமன்பாடு ஒன்றே என்பதால், சுற்று நடந்துகொள்வதைப் பார்த்து ஆறு நடந்துகொள்ளப்போவதைப் படிக்கிறோம். ஒப்புமை என்ற பெயர் அதனால் வந்தது.

இதற்கு அளவு பொருத்த வேண்டும். ஒரு வோல்ட் உள்ளீடு 500 கன அடி நீர்வரத்து என்று கொள்வோம். ஒரு வோல்ட் வெளியீடு 500 மில்லியன் கன அடி இருப்பு. ஒரு நாளை ஒரு வினாடியாகச் சுருக்குவோம். வினாடிக்கு 500 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் வந்தால் 43.2 மில்லியன் கன அடி சேரும். அதாவது வெளியீடு வினாடிக்கு 0.0864 வோல்ட் ஏற வேண்டும். ஒரு மெகா ஓம் மின்தடை, ஒரு மைக்ரோ பாரட் மின்தேக்கி போட்ட தொகையியின் முன்னால், பொட்டன்ஷியோமீட்டரின் குமிழை 0.0864 என்ற இடத்தில் நிறுத்தினால் போதும். குறி மட்டும் தலைகீழாக வரும். அதற்கு இன்னொரு பெருக்கி. ஜூன் தொடங்கி நூற்றிருபது நாள், ஒரு முழுப் போகம், இரண்டே நிமிடத்தில் முள்ளின் அசைவாக உங்கள் கண்முன் ஓடிவிடும். மழை பத்து நாள் தள்ளிப்போனால் என்ன ஆகும்? குமிழைத் திருப்பி, மீண்டும் ஓட்டுங்கள். இன்னொரு இரண்டு நிமிடம்.

இந்தக் கையிலடங்கும் தன்மையைத்தான் அந்தக் காலத்துப் பொறியாளர்கள் காதலித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1950களில் இலக்கக் கணிப்பொறி ஒரு பெருக்கலை முடித்து அடுத்த பெருக்கலுக்குப் போக வேண்டியிருந்தது. ஒப்புமைப் பொறியிலோ எத்தனை சமன்பாடு இருந்தாலும் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும்.

இது வெளிநாட்டுச் சங்கதி மட்டுமன்று. இந்தியத் துறைமுகங்களின் கடலேற்ற அட்டவணைகளைக் கணிப்பதற்கென்றே 1879இல் பல்சக்கரங்களும் கப்பிகளும் கொண்ட ஒரு பொறி இலண்டனில் செய்யப்பட்டது. 1953இல் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சமரேந்திர குமார் மித்ரா, பத்து ஒருபடிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் மின் ஒப்புமைப் பொறியை அமைத்தார். அடுத்து, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற்கு வந்த வின்சென்ட் ரைடவுட் காலத்தில் 'பிரிடா' என்ற மின்னணு வகையீட்டுப் பகுப்பி அங்கே உருவாயிற்று. அந்தச் சூழலில் வளர்ந்தவர், ஈரோட்டில் பிறந்த வே. இராஜாராமன். போர்ட்ரான் கற்பித்த ஆசிரியராக அவரை நாடே அறியும். ஒப்புமைக் கணிப்பைப் பற்றியும் அவர் ஒரு பாடநூல் எழுதினார் என்பதை இன்று நினைவுகூர்பவர் சிலரே.

நீரைப் பொறுத்தவரை பெரிய காரியம் நடந்தது நெதர்லாந்தில். 1953 பெருவெள்ளத்திற்குப் பிறகு கழிமுகங்களை அணைகளால் அடைக்கத் திட்டமிட்ட டச்சுக்காரர்கள், 'டெல்டார்' என்ற தனிப் பொறியைக் கட்டினார்கள். நீர்மட்டம் மின்னழுத்தம், நீரோட்டம் மின்னோட்டம். ஒரு வாயை அடைத்தால் மற்ற வாய்களில் கடலேற்றம் எவ்வளவு உயரும் என்று அதனிடம் கேட்டார்கள். 1980களின் முற்பகுதி வரை அது உழைத்தது.

இவ்வளவு புகழ்ந்தாயிற்று. இனிக் குறைகளுக்கு வருவோம்.

துல்லியக் குறைவு என்று எல்லாரும் சொல்லும் முதற்குறை என் கருத்தில் பெரிய குறையே அன்று. நல்ல உறுப்புகள் போட்ட பொறியில் பிழை ஆயிரத்தில் ஒன்று. சாதாரண ஆற்றோட்டத்தை நூற்றுக்கு ஐந்து பிழைக்குள் அளப்பதே அரிது. உள்ளே போகும் நெல்லில் நூற்றுக்கு ஐந்து பதர் இருக்கையில், தராசில் ஆயிரத்தில் ஒன்று பிசகுகிறது என்று சண்டை பிடிப்பானேன்? இலக்கக் கணிப்பொறி விடையைப் பன்னிரண்டு தசமத்தானம் வரை அச்சடித்துக் கொடுக்கும். அந்தத் தானங்கள் எல்லாம் உண்மை என்று நம்பிவிடுவது நமது காலத்து மூடநம்பிக்கைகளில் ஒன்று.

வளைகோட்டு உறவுகள் வந்தால் பொறி தடுமாறும் என்பது நியாயமான குறை. மதகில் பாயும் நீர் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. வழிந்தோடியில் ஆழத்தின் ஒன்றரை அடுக்கைப் பொறுத்தது. நீர்மட்டத்திற்கும் இருப்புக்கும் உள்ள உறவு மலையின் வடிவத்தைப் பொறுத்தது. இவற்றையெல்லாம் டையோடுகளால் துண்டு துண்டான நேர்கோடுகளாக ஒட்டுப்போட வேண்டும். செய்யலாம், செலவு ஏறும், பொறுமை இறங்கும்.

ஆனால் இப்பொறியின் உண்மையான பலவீனம் வேறு. அதற்குக் காத்திருக்கத் தெரியாது. இதைக் கம்பம் பள்ளத்தாக்கைப் போல விளக்கும் இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியே மலையைக் கடந்து வரும் நீர், ராட்சதக் குழாய்களில் இறங்கி லோயர் கேம்ப்பில் மின்சாரம் தருகிறது. குமுளி மலைப்பாதையில் பேருந்தில் போகிறவர்கள் அந்தக் குழாய்களைப் பார்த்திருப்பார்கள். அங்கிருந்து உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று ஓடி, தேனிக்கருகே வைகையோடு கலந்து, 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையை அடைகிறது. இந்தப் பாதையில் இரண்டு வகைக் காலங்கள் இருக்கின்றன. குழாயில் வினாடிகள்; ஆற்றில் மணிகள்.

குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். மின்கம்பி அறுந்து சுமை போய்விட்டால் சுழலிக்குச் செல்லும் நீரை உடனே குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் சுழலி எல்லை மீறிச் சுற்றும். சட்டென்று அடைத்தாலோ, ஓடிவந்த நீர் சம்மட்டி போல அறையும். எஃகுக் குழாயில் அழுத்த அலை வினாடிக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கொண்டால், நொடியில் நிறுத்தப்படும் ஒவ்வொரு மீட்டர் வேகத்திற்கும் நூறு மீட்டர் உயர நீரின் அழுத்தம் கூடுதலாக விழும். எத்தனை வினாடியில் அடைப்பது என்பதுதான் கேள்வி. அலை குழாயில் போய்த் திரும்பும் நேரத்தைவிட நிதானமாக அடைத்தால், பாயும் நீரின் நிறையை ஒரு மின்தூண்டியாகவும், உராய்வை ஒரு தடையாகவும் வைத்து ஒப்புமைப் பொறி இதை அழகாக நடித்துக் காட்டும். இந்த வகை வேலைகளில், அதன் காலத்தில், அதற்கு நிகர் இல்லை.

ஆற்றுக்கு வாருங்கள். லோயர் கேம்ப்பில் இன்று காலை ஆயிரம் கன அடி கூட்டித் திறந்தால், ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் கீழே இருக்கும் வைகை அணைக்கு அது உடனே தெரியாது. பல மணி நேரம் ஒன்றுமே நடக்காது. பிறகு மெல்ல ஏறும். 'பல மணி நேரம் ஒன்றுமே நடக்காது' என்பதைத் தொகையியால் சொல்ல முடியாது. உள்ளீடு மாறிய கணமே அதன் வெளியீடு நகரத் தொடங்கிவிடும். காத்திருப்பதற்கு நினைவகம் வேண்டும்; மின்தேக்கிக்கு இருப்பது கூட்டுத்தொகையின் நினைவு மட்டும், வரலாற்றின் நினைவு அன்று.

இதற்கு அந்நாளில் ஒரு தந்திரம் செய்தார்கள். காலத்தாமதத்தைப் பின்ன வடிவில் தோராயமாக்கி இரண்டொரு பெருக்கிகளால் நடிக்கவைத்தார்கள். விடை என்ன தெரியுமா? மேலே நீரைக் கூட்டினால், கீழே நீர் முதலில் குறைகிறது. சிறிது நேரம் கழித்தே ஏறுகிறது. வெள்ளம் நகர்வதைக் கணிக்க 1938இல் வந்து இன்றும் பாடத்தில் இருக்கும் மஸ்கிங்கம் முறையிலும் இதே கோளாறு உண்டு. அதன் எடைக்கூறு 0.2 என்று கொண்டால், மேலே ஆயிரம் கன அடி கூட்டித் திறந்த கணத்தில் கீழே 250 கன அடி குறைந்துவிட்டதாகக் கணக்கு சொல்லும். வீரபாண்டி ஆற்றங்கரையில் மாடு குளிப்பாட்டுகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "மேல தண்ணி தெறந்தா கீழ வத்துமாக்கும்?" என்று கேட்பார். அவர் கேள்வி சரி, மாதிரிதான் தவறு. இது பொறியின் பழுதும் அன்று. பொறி தனக்குக் கொடுத்த சமன்பாட்டைப் பிசகாமல் நடத்தியது. ஆற்றைச் சமன்பாடாக மாற்றியபோதே பிழை நுழைந்துவிட்டது.

கலப்பினக் கணிப்பொறி பிறந்த காரணங்களில் இது முக்கியமானது. வேகமான பகுதியை ஒப்புமைப் பொறியிடம் கொடு. காத்திருக்க வேண்டியதையும், நினைவில் வைக்க வேண்டியதையும், இரண்டு மூன்று மாறிகளின் அட்டவணைகளையும் இலக்கப் பொறியிடம் கொடு. நடுவே மின்னழுத்தத்தை எண்ணாகவும் எண்ணை மின்னழுத்தமாகவும் மாற்றும் வாயில்களை வை. ஏவுகணை ஆய்வுக்காக 1950களின் நடுவில் அமெரிக்காவில் தொடங்கிய இந்தத் திருமணம் 1960களில் செழித்தது. நமது பள்ளத்தாக்கு இதற்கு அச்சாகப் பொருந்தும். குழாயின் வினாடிகள் ஒரு பக்கம், ஆற்றின் மணிகள் மறுபக்கம்.

ஆனால் எல்லாக் கூட்டுக் குடும்பத்திலும் உள்ள தொல்லை இங்கும் இருந்தது. இரண்டு பொறிகள், இரண்டு வகை ஆள்கள், இரண்டு வகைப் பழுதுகள். ஒருவர் கம்பிகளைப் பலகையில் குத்துவார். மற்றவர் நிரல் எழுதுவார். விடை தவறினால் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். வாயில்களில் மாற்றத்திற்கு ஆகும் சிறு தாமதமே புதிய அலைவுகளைக் கிளப்பிவிடும். இலக்கப் பொறி மலிவாகவும் விரைவாகவும் ஆனவுடன் இந்தக் குடும்பம் கலைந்ததில் வியப்பில்லை. மாணவர்களுக்கென ஜெர்மனியில் அண்மையில் மீண்டும் சிறு ஒப்புமைப் பொறிகள் செய்து விற்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு 'ஒப்புமைக் காலம் திரும்புகிறது' என்று முழங்குபவர்களின் உற்சாகத்தில் பாதியைத் தள்ளுபடி செய்து படியுங்கள்.

பிறகு எதற்கு இதைப் படிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். பேப்பர் மூலைக்கே திரும்புவோம். அந்த நான்கு எண்களில் நீர்வரத்து எப்படிக் கிடைக்கிறது? பெரியாறு ஏரியில் பல ஓடைகள் கலக்கின்றன. ஒரே இடத்தில் நின்று அளக்க வழியில்லை. இத்தகைய அணைகளில் மட்டம் எவ்வளவு மாறியது, எவ்வளவு வெளியேறியது என்று பார்த்து, வரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுவதே வழக்கம். அது தொகையீட்டின் தலைகீழ், அதாவது வகையீடு. ஒப்புமைப் பொறிக்காரர்கள் வகையியைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்பார்கள். தொகையி சிறு நடுக்கங்களை விழுங்கிவிடும். வகையி அவற்றை ஊதிப் பெரிதாக்கும்.

எவ்வளவு பெரிதாக்கும்? ஏரி நிரம்பிய நிலையில் ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர். அதாவது 28 கோடி சதுர அடி. அளவுகோலைப் படிப்பதில் காற்றாலோ கண்ணாலோ அடியில் பத்தில் ஒரு பங்கு பிசகினால், 2.8 கோடி கன அடி நீர் இல்லாமலே இருந்ததாகிவிடும். நாளுக்கு ஒருமுறை கணக்கிட்டால் இது வரத்தில் 324 கன அடிப் பிழை, பொறுத்துக்கொள்ளலாம். மணிக்கு ஒருமுறை கணக்கிட்டால் அதே பிசகு வினாடிக்கு ஏறத்தாழ 7,800 கன அடிப் பொய் வெள்ளமாகிவிடும்! 2018 ஆகஸ்டில் அணை 142 அடியைத் தொட்ட நாள்களைப் போன்ற நெருக்கடியில், மலைக்கு இருபுறமும் மக்கள் மணிக்கணக்கில் எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டுமா, வேண்டாமா?

இதைவிடப் பெரிய எண்களும் இருக்கின்றன. இந்த அணைக்கு வரக்கூடிய உச்ச வெள்ளம் வினாடிக்கு 2.12 லட்சம் கன அடி என்று ஒரு கணக்கு, ஏறத்தாழ 2.91 லட்சம் என்று கேரளத்திற்காகச் செய்யப்பட்ட இன்னொரு கணக்கு. இரண்டும் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. 2014 மே 7ஆம் நாள் தீர்ப்பு பின்னதை ஏற்கவில்லை. வழக்கைப் பற்றி இங்கே பேச்சில்லை. நான் சொல்ல வருவது ஒன்றே. வெள்ளம் அணைக்குள் வந்து மட்டம் உயர்வதைக் கணிக்கும் தொகையீடு இருவருக்கும் ஒன்றுதான். வேறுபட்டது, வெள்ளம் என்று உள்ளே ஊட்டிய எண். அதாவது எந்த மழை, எந்த வடிவில், எத்தனை நாள் பெய்யும் என்ற அனுமானம். ஒப்புமைப் பலகையில் அந்த அனுமானம் ஒரு குமிழாகக் கண்ணுக்குத் தெரியும். கையால் திருப்ப முடியும். திருப்பினால் முள் எவ்வளவு நகர்கிறது என்று பக்கத்திலிருப்பவரும் பார்க்கலாம். இன்றைய நிரலில் அது எங்கோ ஒரு வரிக்குள் உட்கார்ந்திருக்கிறது. வண்ணப் படம் மட்டும் வெளியே வருகிறது. நமது பாடநூல்கள் இந்த அதிகாரத்தை வைத்துக்கொள்வதானால், குமிழுக்காகவே வைத்துக்கொள்ள வேண்டும், சுருள்வில்லுக்காக அன்று.

செய்து பார்க்க விரும்பும் மாணவருக்கு ஒரு சொல். மேலே சொன்ன தொகையியை 741 என்ற மலிவான சில்லைக் கொண்டு அமைக்கலாம். ஆற்றை ஓட்டுவதற்கு முன், உள்ளீட்டைச் சுழியாக்கிவிட்டு முள்ளைப் பாருங்கள். வரத்தும் இல்லை, வெளியேற்றமும் இல்லை. ஆனாலும் முள் நகரும். சில்லின் உள்ளீட்டில் கசியும் 80 நானோ ஆம்பியர் அளவு மின்னோட்டம் மின்தேக்கியில் சேர்வதுதான் காரணம். நமது அளவுப்படி அது வினாடிக்கு 460 கன அடிக்கு மேல் ஓடும் ஓர் ஆறு! எந்த மலையிலும் பிறக்காத ஆறு. செயற்பெருக்கியின் மற்றொரு காலில் ஈடுசெய்யும் மின்தடை ஒன்றை இட்டால் அது கால் பங்காக வற்றும். புலவிளைவு டிரான்சிஸ்டரை உள்ளீட்டில் கொண்ட சில்லைப் போட்டால், கசிவால் வரும் அந்த ஆறு ஏறக்குறைய காய்ந்தே போகும். அதன் பிறகு பேப்பரை எடுத்து, ஜூன் முதல் தேதியின் எண்ணிலிருந்து தொடங்குங்கள்.